பெருமூச்சு விட்ட கார்

காதுக்குள் கருவியைச் செருகிக்கொண்டு, பேரப்பிள்ளைகள் கத்தத் தொடங்கினால் அதையும் கழற்றி மேசையில் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிற என் வயதுக்காரரே, உங்களோடு கொஞ்சம் கதைக்க வேண்டும். இன்றைக்கு என் காதுகள் மூக்குக்கண்ணாடியைத் தாங்குகிற உத்தியோகத்தை மட்டும் பார்க்கின்றன. ஆனால் அறுபதுகளின் தொடக்கத்தில், வட்டக்கச்சிக் குடியேற்றத்தில், அவற்றுக்குப் பெரிய மதிப்பு இருந்தது. தலைக்கும் அவற்றுக்கும் ஒரு பொருத்தமும் இல்லாமல் இரண்டு பக்கமும் விரிந்து நின்றன. “உவனுக்கு முதல் காது பிறந்தது, பேந்துதான் ஆள் பிறந்தவன்” என்று பெரியப்பா சொல்லுவார். நான் அதைப் புகழ்ச்சி என்று நம்பினேன். அந்த நம்பிக்கையால் வந்த வினையும் இந்தக் கதைக்குள் இருக்கிறது.

பெரியப்பா அப்பாவின் அண்ணை. யாழ்ப்பாணத்தில் இருந்து எங்கள் இரண்டு குடும்பமும் மாட்டுவண்டியில்தான் வந்து இறங்கின. நெல் நன்றாக விளைந்த ஒரு வருடம் பெரியப்பா ஒரு கார் வாங்கினார். தோட்டத்துத் துரை ஒருவர் ஓடிக் களைத்து, ஒரு புரொக்டருக்கு, அதாவது வக்கீலுக்கு, விற்று, அவரும் ஓடிக் களைத்து விற்ற கறுப்புக் கார் அது. திரும்பும்போது கதவோரத்துத் தூணில் இருந்து ஒரு சிறிய சிவப்புக் கை வெளியே நீளும். சில நேரம் நீண்ட கை உள்ளே போகாது. பெரியப்பா ஓடிக்கொண்டே யன்னலால் எட்டி ஒரு குட்டு வைப்பார். ரப்பர் பந்தை அமத்தினால் வாத்துப் போலக் கத்தும் ஹோண் இருந்தது. வெயிலில் நின்றால் தோல் இருக்கை தொடையோடு ஒட்டி, இறங்கும்போது புண்ணில் ஒட்டிய பிளாஸ்டர் உரிப்பது போல உரியும். அந்தக் கார் எந்தப் பழைய இரும்புக் கடையில் போய்ச் சேர்ந்ததோ தெரியாது. என் தொடைத்தோலில் கொஞ்சமும் அதோடு போயிருக்கும்.

அடுத்த வருடம் மழை பொய்த்து, வைகாசி ஆனியிலேயே வாய்க்கால் மண் வெடித்துக் கிடந்தது. அப்போதுதான் காருக்கு அந்தப் பழக்கம் வந்தது. ஓடும்போது ஒன்றும் இல்லை. வந்து நின்று, பெரியப்பா திறப்பைத் திருப்பி இஞ்சினை நிப்பாட்டிய பிறகு, கொஞ்சம் பொறுத்து, முன்பக்கத்தில் இருந்து ஒரு சத்தம் கிளம்பும்: “ஸ்ஸ்ஸ்ஸ்…” இழுத்து இழுத்து, மெல்ல மெல்லத் தேய்ந்து அடங்கும்.

முதல் தரம் கேட்டபோது பெரியப்பாவின் முகம் கறுத்தது. இரண்டாம் தரம் கேட்டபோது சுற்றிவர ஆட்கள் நின்றார்கள். ஆகவே விளக்கம் சொல்லவேண்டி வந்தது. “நல்ல சாதிக் கார் எண்டால் இளைப்பாறேக்க பெருமூச்சு விடும்” என்றார். “குதிரை விடுறேல்லையோ? அப்பிடித்தான்.” சனம் தலையை ஆட்டியது. பிறகு கண்டாவளையில் இருந்து வந்த ஒருவர்கூட, கார் பெருமூச்சு விடுகிறதைப் பார்க்கவென்றே வேலியோரம் காத்து நின்றார். காலையில் ஊற்றுகிற தண்ணீரை றேடியேற்றர் மடமடவென்று குடித்ததும் பெரியப்பாவுக்குப் பெருமைதான். “கறக்கிற மாடும் இப்பிடித்தான் குடிக்கும்.”

ஒரே ஒரு ஆள் நம்பவில்லை: அம்மா. அவவுக்குக் கார் தெரியாது, ஆனால் பெரியப்பாவைத் தெரியும்.

புடையன் பாம்பு ஒன்று இஞ்சினுக்குள் குடியிருக்கிறது என்று பக்கத்து வளவுக்காரர் சொன்னதில், ஒருநாள் வேப்பிலை போட்டுக் காருக்குப் புகை பிடித்தார்கள். பாம்பு வரவில்லை, சாரதி இருக்கைக்கு அடியில் இருந்து ஒரு கோழி இருமிக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். “டேய் காதா, வா. எங்கையிருந்து வருது எண்டு கேட்டுச் சொல்லு.” நான் வைத்தியர் மாதிரிக் கண்ணை மூடி, காரின் உடம்பெல்லாம் காதை வைத்துக் கேட்டு, முன்பக்கத்து இடது ரயர் என்று தீர்ப்புச் சொன்னேன். ரயரைக் கழற்றினார்கள். ரியூப்பைத் தொட்டித் தண்ணீரில் அமத்திப் பார்த்தார்கள். ஒரு குமிழியும் இல்லை. என்றாலும் என் காதுக்கு மரியாதை கொடுத்து, ஓட்டையே இல்லாத ரியூப்பில் பெரியப்பா ஒரு ஒட்டுப் போட்டார்! அன்று பின்னேரம் கார் வழமைபோலப் பெருமூச்சு விட்டது. அவர் என் பக்கம் பார்க்கவில்லை. அதற்காக இன்றைக்கும் நன்றி.

இப்போது சின்னம்மாவின் கதைக்கு வரவேண்டும். சிரிப்பு இங்கே கொஞ்சம் குறையும்.

சின்னம்மா அம்மாவின் தங்கச்சி. வயிற்றில் பிள்ளையோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தா. அதற்கு முன்பு இரண்டு பிள்ளைகள் பிறந்தவை. இரண்டும் அழவில்லை. பெரியவர்கள் அப்படித்தான் சொல்லுவார்கள், அதற்கு மேல் ஒரு சொல் சொல்லமாட்டார்கள். அழாத பிள்ளைகள். சின்னம்மா வாய்த்துடுக்கானவ, பெரியப்பாவையே பகிடி பண்ணுவா. ஆனால் எங்கேயாவது ஒரு குழந்தை அழுதால் கதையை நிப்பாட்டி, அது ஓயுமட்டும் கேட்டுக்கொண்டு இருப்பா.

ஒருநாள் காலையில் மருத்துவிச்சி வந்து வயிற்றைத் தடவிப் பார்த்தா. தடவின கை ஒரு இடத்தில் நின்றுவிட்டது. “பிள்ளை குறுக்கை கிடக்கு” என்று அம்மாவிடம் மெல்லிய குரலில் சொன்னா. “வீட்டை வைச்சுப் பாக்கேலாது. நான் தொடமாட்டன். வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கெதியாக் கொண்டு போங்கோ. அங்கை உவவின்ர பழைய கதையெல்லாம் தெரிஞ்ச டாக்குத்தர் அம்மா இருக்கிறா.” அவ மெல்லச் சொன்னதுதான். என் காது அப்படி. கேட்டுவிட்டேன். சின்னம்மாவும் கேட்டிருக்கவேண்டும்; அவவும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் உடுப்பு மடித்தார்கள்.

சித்தப்பா நில அளவைக்காரரோடு காட்டுக்குள் நின்றார். அவரைத் தேடி அப்பா சைக்கிளில் போனார். காரில் பெரியப்பா, பின்னால் அம்மா, அம்மாவின் மடியில் தலையும் இருக்கையில் உடம்புமாகச் சின்னம்மா. முன்னால் நான். என் முழங்காலுக்கு இடையில் ஒரு தகரம் தண்ணீர், மடியில் வாழையிலையில் கட்டிய பிட்டுப் பொட்டலம், காலடியில் ஒரு தேங்காய். அது ஏன் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கண்டி வீதியில் தெற்கே போகிற எந்த வாகனமும் வீதியோரப் பிள்ளையாரிடம் நின்று, இஞ்சினை நிப்பாட்டி, தேங்காய் உடைத்துத்தான் போகும். லொறி, பஸ், அரசாங்க ஜீப், எல்லாம்.

கிளிநொச்சியைத் தாண்டியதும் பெரியப்பா சொன்னார்: “இனி வவுனியா போய்ச் சேருமட்டும் நான் இஞ்சினை நிப்பாட்ட மாட்டன்.”

“பிள்ளையாரிட்டயும்?” என்றா அம்மா.

“எங்கையும். யோசிச்சுப் பார். காருக்கு உந்தச் சீறல் வருத்தம் நிப்பாட்டினால்தானே வருது? நிப்பாட்டாமல் ஓடினால் வருத்தம் எப்பிடி வரும்?”

“காய்ச்சல்காரன் படுத்தால்தானே அனுங்குறான், அவனைப் படுக்க விடாதேங்கோ எண்ட மாதிரியெல்லோ இருக்கு உங்கட கதை!”

“எனக்குப் பயமாக் கிடக்கு பிள்ளை” என்றார் பெரியப்பா திடீரென்று, றோட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல். “நிப்பாட்டிப் பேந்து கிளம்பாட்டி?”

அவர் பயம் என்ற சொல்லைச் சொல்லி நான் அன்றைக்குத்தான் கேட்டேன். பெருமூச்சுக் கதையை அவரே ஒருநாளும் நம்பவில்லை என்பது எனக்கு இந்த வயதில் விளங்குகிறது. அன்றைக்கு விளங்கியது, தகரத்தை இன்னும் இறுக்கிப் பிடிக்கவேண்டும் என்பது மட்டும்.

பிள்ளையார் வந்தார். கற்பூர மணம் யன்னலால் வந்தது. கச்சான் கடலை வறுக்கிற பெண்கள் வாகனம் நிற்கும் என்ற நிச்சயத்தில் கடதாசிச் சுருள்களோடு ஓடி வந்தார்கள். பெரியப்பா வேகத்தைக் குறைத்தார், நிப்பாட்டவில்லை.

“நில்லுங்கோ அத்தான்!”

“ஏலாது!”

“அவரிட்ட நிக்காமல் போனால் ஒரு இடமும் போய்ச் சேரமாட்டம்!”

“நிண்டாலும் போய்ச் சேரமாட்டம்! நீ அங்கையிருந்து எறி!”

“தேங்காயை எறியிறதோ? பிள்ளையாருக்கோ?”

“எறி அக்கா” என்றா சின்னம்மா பல்லைக் கடித்துக்கொண்டு. “அவருக்குக் கை இருக்கு, பிடிப்பார்.”

நான் தேங்காயை எடுத்துப் பின்னுக்குக் கொடுத்தேன். அம்மா கண்ணில் ஒற்றி, யன்னலால் கையை நீட்டி, தேங்காய் உடைக்கிற கல்லைக் குறிவைத்து எறிந்தா. அம்மா மாங்காய்க்குக் கல்லெறிந்து குறி தப்பி நான் கண்டதில்லை. அன்றைக்குத் தப்பியது. தேங்காய் கல்லின் ஓரத்தில் பட்டுத் துள்ளி, தெருவில் விழுந்து, உருண்டு, ஒரு கச்சான்காரியின் கடைத்தட்டிக்குக் கீழே போய் மறைந்தது.

“உடைஞ்சதோடா?” என்றா அம்மா, திரும்பிப் பார்க்காமல்.

பின்கண்ணாடியால் பார்த்துக்கொண்டிருந்த நான் உள்ளதைச் சொன்னேன். “உருண்டது.”

உடையாத தேங்காய்க்கு என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சின்னம்மா இடைக்கிடை அனுங்கினா. காடு இரண்டு பக்கமும் காய்ந்துபோய்ச் சாம்பல் நிறத்தில் நின்றது.

மாங்குளம் தாண்டி ஆட்களே இல்லாத ஓரிடத்தில் முதல் மணம் வந்தது, பெயின்ற் கருகுகிற மணம். பிறகு இஞ்சின் மூடியின் ஓரங்களால் வெள்ளைப் புகை. பெரியப்பா ஒன்றையும் நிப்பாட்டவில்லை. கார் தானாகவே இரண்டு குலுக்குக் குலுக்கி நின்றது. நின்றவுடன், அதுவரை கேட்ட எல்லாப் பெருமூச்சையும் சேர்த்து விட்டமாதிரி, “ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்!”

அந்த வெயிலில், அந்த அமைதியில், அந்த ஒரு சத்தம்தான். பெரியப்பா பாய்ந்து இறங்கி, மூடியைத் திறந்து, சால்வையைக் கையில் சுற்றிக்கொண்டு றேடியேற்றரின் வாய்மூடியில் கை வைத்தார்.

“கையை எடுங்கோ!” சின்னம்மாவின் தலையை இருக்கையில் வைத்துவிட்டு இறங்கி வந்த அம்மா கத்தினா. “பிட்டுப் பானையை அடுப்பில இருந்து இறக்கினவுடனை ஆரும் முகத்தைக் குடுத்துத் திறப்பினமோ? ஆறட்டும்!”

“ஆறுமட்டும் இவள் இருப்பாளோ?”

பின் இருக்கையில் இருந்துதான் பதில் வந்தது.

“அக்கா” என்றா சின்னம்மா. ஒரு வலி வந்து போய், அடுத்தது வருவதற்கு இடையில் அவசரமாகக் கதைத்தா. “கேளுங்கோ. பிட்டுப் பானை எண்டு நீங்களே சொல்லுறியள். அதுதான் உது. பானைக்கும் குழலுக்கும் நடுவில துணி சரியாச் சுத்தாட்டி இப்பிடித்தானே சீறும். எங்கையோ வாய் பொருந்தேல்லை.”

“ஓடேக்க ஏன் சீறேல்லை?” என்றார் பெரியப்பா. அந்த நேரத்திலும் விவாதம்!

“ஓடேக்க உங்கட கார் போடுற சத்தத்தில இடி விழுந்தாலும் கேக்குமோ? நிண்டாப் பிறகு சூடு எங்க போறது? அடுப்பை அணைச்சாலும் பானை கொஞ்ச நேரம் கொதிக்கும், சுடுதண்ணி வைக்கத் தெரியாத மனுசன்…” வலி வந்தது. வசனம் முடியவில்லை.

“டேய், காதை வை” என்று பெரியப்பா என்னைத் திருப்பினார். நான் கழுத்தை நீட்டினேன். அம்மா என் காதைப் பிடித்து, வைத்துக் கேட்க அல்ல, இழுத்து அப்பால் விட்டா. “ஆவியில காதை அவிக்கிறதுக்கோ? தள்ளி நில்.” பிறகு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தானே குனிந்து பார்த்தா. பார்த்தபடியே நின்றா.

“அத்தான், இஞ்சை வாங்கோ. உது என்ன வெள்ளை?”

றேடியேற்றரின் மேல்வாயில் இருந்து இஞ்சினுக்குப் போகிற தடித்த ரப்பர்க் குழாய். அது வாயில் பொருந்துகிற இடத்தைச் சுற்றி, சுடுதண்ணிக் கேத்திலின் மூக்கில் படிகிறமாதிரி வெள்ளை வெள்ளையாகக் காய்ந்த உவர் படிந்திருந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீரின் கையெழுத்து. எத்தனையோ நாளாக அந்த இடத்தால் தண்ணீர் கசிந்து, சூட்டில் காய்ந்து காய்ந்து அடையாளம் வைத்திருக்கிறது. இப்போதும் அங்கிருந்து ஆவி பீறி, சொட்டுச் சொட்டாகக் கீழே சுடுகிற புகைக்குழாயில் தண்ணீர் விழ, விழுந்த ஒவ்வொரு சொட்டும் சீறியது. நாங்கள் புகை பிடித்ததும் ரயர் கழற்றியதும் அந்த வெள்ளையில் இருந்து ஒரு முழத் தூரத்தில்தான்.

பெரியப்பா கையில் சுற்றியிருந்த சால்வையை அவிழ்த்தார். கரை போட்ட சால்வை, கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போடுகிறது. நடுவால் கிழித்தார். “சுத்து” என்றார்.

“பொறுங்கோ. வெறும் துணி நிக்காது, மா வேணும்.” அம்மா சுற்றிவரப் பார்த்தா. பார்வை என் கையில் இருந்த பிட்டுப் பொட்டலத்தில் வந்து நின்றது.

என் வயதுக்காரரே, விடிந்ததில் இருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. அது அரிசிமாப் பிட்டு. தேங்காய்ப்பூ தாராளமாகப் போட்டது. அம்மா பொட்டலத்தை அவிழ்த்து, தண்ணீர் தெளித்து, அந்த அருமையான பிட்டைக் களியாகப் பிசைந்தபோது என் வயிறும் காரோடு சேர்ந்து ஒரு பெருமூச்சு விட்டது. ஒருவரும் காது கொடுக்கவில்லை.

சத்தம் அடங்குமட்டும் காத்து நின்றோம். அதுதான் கொடுமை. கை வைத்தால் பொசுங்கும், நின்றால் சின்னம்மா. வீதியில் ஒரு வாகனமும் வரவில்லை. சின்னம்மா தண்ணீர் கேட்டா. பெரியப்பா தகரத்தைப் பார்த்தார், காரைப் பார்த்தார். ஒரு கணம்தான். அம்மா தகரத்தைப் பறித்துச் சின்னம்மாவின் வாயில் வைத்தா. குடித்து முடித்ததும், “இனிக் காருக்கும் குடுங்கோ, அதுவும் பிள்ளைத்தாச்சி மாதிரித்தான் நிக்குது” என்றா சின்னம்மா. சிரிக்க முயன்று, முடியாமல், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டா. “அக்கா, இதாவது அழுமோ?”

அம்மா கையை விடுவித்துக்கொண்டு போய்க் குழாயில் பிட்டை அப்பினா. விரலைச் சுட்டுச் சுட்டு உதறிக்கொண்டே அப்பினா. மேலால் ஈரத்துணியை இறுக்கி இறுக்கிச் சுற்றி, தன் தலைமுடி நாடாவை அவிழ்த்து முடிச்சுப் போட்டா. பெரியப்பா மிஞ்சின தண்ணீரை வார்த்து, வாய்மூடியைத் திருகி இறுக்கப் போனார்.

“இறுக்காதேங்கோ. சும்மா வையுங்கோ. ஆவிக்கு ஒரு வழி விடோணும்.”

ஓம் என்று தலையாட்டினார். பெரியப்பா ஓம் என்று தலையாட்டினதையும் அன்றைக்குத்தான் கண்டேன்.

இஞ்சினைக் கிளப்புகிற முன்கம்பியைப் போட்டுச் சுழற்ற, கார் இருமியது, கிளம்பியது. புளியங்குளத்தில் ஒரு கிணற்றடியில் தண்ணீர் வார்த்தோம். ஓமந்தையில் மறுபடி. வறுத்த பிட்டின் வாசம் காருக்குள் நிரம்பி நின்றது; என் பசிக்கு அது ஒரு தனித் தண்டனை. வவுனியா ஆஸ்பத்திரி வாசலில் தள்ளுவண்டில் ஒன்று வந்து சின்னம்மாவைக் கொண்டு ஓடியது. பெரியப்பா திறப்பைத் திருப்பினார். இஞ்சின் நின்றது. நாங்கள் மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம்.

சத்தம் இல்லை.

அந்த அமைதியில் அம்மா அழத் தொடங்கினா.

பிறகு ஒரு பச்சைக் கதவுக்கு வெளியே நின்றோம். உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை. பெரியப்பா நடந்தார், நின்றார், நடந்தார். கடைசியில் குனிந்து, வெட்கத்தோடு என்னிடம் சொன்னார்: “டேய், காதை ஒருக்கா வைச்சுப் பார்.”

கதவோடு காதை ஒட்டினேன். முதல் ஒன்றும் இல்லை. பிறகு, தெளிவாக, உள்ளே இருந்து… “ஸ்ஸ்ஸ்ஸ்.”

“சீறுது” என்றேன்.

அம்மாவின் முகத்தை நான் இதுவரை மறக்கவில்லை. ஆபரேசன் ஆயுதங்களை அவிக்கிற கொதிபானையின் சத்தம் அது என்று பிறகுதான் தெரியும். என் காதின் இரண்டாவது தீர்ப்பும் அந்தத் தரத்தில்தான் இருந்தது. பெரியப்பா என் தலையில் குட்டக் கையை ஓங்கினார். ஓங்கின கை அந்தரத்தில் நின்றது.

உள்ளே ஒரு பிள்ளை அழுதது. கதவு, சுவர், தாழ்வாரம் எல்லாம் அதிர, வெளியே நின்ற சைக்கிள்காரர் திரும்பிப் பார்க்க, அப்படி அழுதது. அதைக் கேட்க என் காது ஒருவருக்கும் தேவைப்படவில்லை.

சில நாள் கழித்துச் சின்னம்மாவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு திரும்பினோம். வவுனியாவில் புதுக் குழாய் போட்டாயிற்று. பழைய குழாயில் இருந்து அந்தப் பிட்டைச் சுத்தியலால் தட்டித்தான் எடுத்தார்களாம். பிள்ளையாரடியில் பெரியப்பா நிதானமாகக் காரை ஓரங்கட்டி, இஞ்சினை நிப்பாட்டி இறங்கினார். ஒரு கச்சான்காரி இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு வந்தா.

“ஓடுற காரில இருந்து பிள்ளையாருக்குத் தேங்காயால எறிஞ்ச ஆக்கள் நீங்கள்தானே?”

பெரியப்பா சால்வை இல்லாத தோளைத் தடவினார். “ஓம்.”

“என்ர தட்டிக்குக் கீழதான் கிடக்கு. பிள்ளையாரின்ர பொருளை நான் தொடமாட்டன். எறிஞ்சவை வருவினம் எண்டு விட்டனான்.”

அம்மா குனிந்து அதை எடுத்து, தூசியைத் துடைத்துப் பெரியப்பாவிடம் கொடுத்தா. அவர் உடைத்தார். ஒரே அடியில் இரண்டு பாதி. சத்தத்தில் மடியில் கிடந்த பிள்ளை திடுக்கிட்டு முழித்து வீரிட்டது. சின்னம்மா அதைத் தட்டவில்லை, ஆட்டவில்லை. அழ விட்டுக் கேட்டுக்கொண்டு இருந்தா.

பெரியப்பா திரும்பி வந்து காரின் முன்னால் நின்றார். பழக்கதோசத்தில் காதைச் சரித்தார். ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் நின்றார். ஊர் போய்ச் சேர்ந்தால் வேலியோரம் காத்து நிற்கிற சனத்துக்கு என்ன சொல்வது என்று யோசித்தாரோ என்னவோ, முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம்கூட இருந்தது. பிறகு சாரதி இருக்கையில் ஏறி, தோல் இருக்கையில் சாய்ந்து, அத்தனை நாளும் அடக்கி வைத்திருந்ததை நெஞ்சு இறங்க விட்டார்: “ஸ்ஸ்ஸ்ஸ்…”

“அக்கா” என்றா சின்னம்மா பின்னால் இருந்து, “அத்தானுக்கும் ஒரு துணி சுத்துங்கோ.”